ஒன்பதாம் வகுப்பில் ஒரு சீட்டு

மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிற வருஷத்தில் எவனாவது வீட்டைக் காலி பண்ணுவானா? என் வீட்டுக்காரர் பண்ணுவார். கணேசபாண்டியன், பட்டாளத்தில் ஹவில்தார். எல்லை டியூட்டிக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போகக் கூடாது என்றுதான் எங்களைப் பம்பாய் தாராவியில் கொண்டுவந்து விட்டிருந்தார்.

எனக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். காய்கறிப் பையோடு மாடிக் கோலிக்கு, அதாவது எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு, ஏறி வருகிறேன், வாசல் முழுக்கப் பெயிண்ட் நாற்றம். முந்தின நாள்தான் லீவில் வந்த மனுஷன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கறுப்பு டிரங்குப் பெட்டி முன்னால் குத்தவைத்திருக்கிறார். பட்டாளத்துக்காரர் பெட்டியில் பேரும் ஊரும் வெள்ளையில் எழுதியிருக்கும். மாற்றல் வந்தால் பழைய ஊரை அழித்துப் புது ஊரை எழுதுவார்கள். இவர் பெண்டாட்டியிடம் சொல்வதற்கு முன்னால் பெட்டியிடம் சொல்லிவிடுவார். ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்.

"ஜபல்பூரா?" என்றேன்.

"ஆமா கோகிலா. எல்லையில கெடந்தது போதும்னு மாத்திட்டான். பேமிலி குவார்ட்டர்ஸ் கெடச்சிருக்கு. இனிமே எல்லாரும் ஒண்ணா இருக்கலாம். ஞாயித்துக்கெழம டிக்கெட்டு."

"சாதனா படிப்பு?"

"ஒனக்கு எதுக்கு அந்தக் கவல? எல்லாம் பேசி முடிச்சாச்சு. நல்ல ஸ்கூலு. ஒம்பதாங் கிளாஸ்ல சீட்டு போட்டு வச்சிருக்கேன்."

பெருமையாகத்தான் சொன்னார். என் கையிலிருந்த பை கீழே விழுந்து, தக்காளி படியில் உருண்டது.

"அவ படிக்கது பத்தாவதுங்க."

பிரஷ் நின்றது. "போன தடவ வந்தப்ப ஒம்பதுன்னுதான சொன்னா?"

போன தடவை வந்தது போன வருஷம். இவர் திரும்பி வருகிற வரைக்கும் பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெயிண்ட் டப்பாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். சாதனா உள்ளே உட்கார்ந்து மராத்தி கைடு படித்துக்கொண்டிருந்தாள், அதனால் விட்டேன். இங்கே வந்தபோது மராத்தியில் ஒரு வார்த்தை வராது அவளுக்கு. கீழ்க் கோலி மதீனா பீவி மகள் ஃபர்ஸானாதான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வந்ததா? மூச். தலையைச் சொறிந்துவிட்டு, "அதனால என்ன, இன்னொரு தடவ ஒம்பது படிச்சா அடிப்படை ஸ்ட்ராங்கா இருக்கும். ஒரு வருஷந்தான," என்றார்.

"சரிப்பா," என்றாள் சாதனா.

அந்தச் சரிப்பாதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரோஸ்பூரை விட்டுக் கிளம்பும்போதும் சரிப்பா. செகந்திராபாத்தில் வளர்த்த நாய்க்குட்டியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறும்போதும் சரிப்பா. பெற்ற பிள்ளையைச் சிப்பாய் மாதிரிப் பழக்கி வைத்திருக்கிறார்.

"என்னட்டி சரி? எது சரி?" என்று கத்தினேன்.

அவள் கைடை மூடினாள். "அப்போ இத ஃபர்ஸானாகிட்ட குடுத்துரட்டாப்பா?"

"குடுத்துரு. அங்க போயி எல்லாம் புதுசு வாங்கிக்கிடலாம்."

பழைய ஊரில் அவள் சைக்கிளை விட்டுவிட்டு வந்தபோதும் இதையேதான் சொன்னார். சாதனா எழுந்து வாசல் வரைக்கும் போனாள். போனவள் திரும்பினாள்.

"ஃபர்ஸானாவ எங்கப்பா வாங்குவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஸ்கூலுக்குப் போனாலும் மொத நாளு எந்திச்சு நின்னு பேரு சொல்லணும். எந்த ஊருன்னு கேப்பாங்க. எந்த ஊரச் சொல்லணும்னு எனக்குத் தெரியாது. முழிச்சிட்டு நிப்பேன், எல்லாரும் சிரிப்பாங்க. இங்கதான் இப்போ யாரும் கேக்கதில்ல. நான் வரல. நீங்க போங்க."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பங்கிட்ட என்ன பேச்சு பேசுதா. நீ பாத்துட்டு நிக்க?" நான் அதட்டுவேன் என்று காத்திருந்தார்.

"ஒங்கப்பாவுக்குக் குண்டுச் சத்தத்துல காது மந்தம்," என்றேன் மகளிடம். "இன்னும் சத்தமாச் சொல்லுட்டி."

சொன்னாள். கீழே மதீனா பீவி ஓட்டிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றுவிட்டது, அவ்வளவு சத்தம்.

சாயங்காலம் படியில் நின்று அவருடைய சுபேதாருக்குப் போன் போட்டார். குவார்ட்டர்ஸ் வேண்டாம் சாப், குடும்பம் வரவில்லை என்று இந்தியில் சொன்னார். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. "பேட்டி தஸ்வீ மே ஹை," என்றார். அங்கே சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, "தஸ்வீ, சாப், தஸ்வீ," என்று மறுபடியும் சொன்னார்.

மகள் பத்தாவது படிக்கிறாளாம். பத்தாவது. இந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வர, என் பிள்ளை தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு அவருக்கு நான் டீ போட்டுக் கொடுக்கவில்லை.