கிராணியின் மகள்

...அந்த வெங்காயத்தைத் தொட்டிருக்கவே கூடாது, அங்கேதான் பிசகு ஆரம்பித்தது, ஆனால் மளிகைக் கடை என்று பலகை போட்டு, வாசலில் வெங்காய மூட்டையைப் பிரித்து வைத்து, மைலோ டின்னை அடுக்கி, தராசையும் தொங்கவிட்டிருந்தால் ஒரு பொம்பளை என்னதான் செய்வாள், புனிதவதி இரண்டை எடுத்து அமுக்கிப் பார்த்து "கிலோ என்ன விலை தம்பி?" என்று கேட்டேவிட்டாள், கல்லாவில் நின்றவன் பாவம், அவனுக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை, ஷாமளா முழங்கையைக் கிள்ளினாள், "மா, இது கடை இல்லம்மா, சும்மா லுக்குக்கு, ரெஸ்டோரண்ட் பின்னாடி ஒளிஞ்சிருக்கு லா." ஒளிந்திருக்கிறதா... எதையும் விற்காத மளிகைக் கடை, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு மதுக்கடை, அதில் இடம் பிடிக்கக் கோலாலம்பூர்க்காரர்கள் வாரக்கணக்கில் காத்துக்கிடந்து புக்கிட் ரோத்தான் செம்பனைத் தோட்டத்துக்குள் கார் ஓட்டி வருகிறார்கள். தோட்டத்தில் கள்ளுக்கடை நட்டநடுவில் இருந்தது, குடிக்கிறவன் ஊருக்கே தெரியக் குடித்தான், வெட்கப்படுகிற வேலையை வீட்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள், இப்போது காசு உள்ளவனுக்கு ஒளிந்து குடிக்க ஆசை வந்திருக்கிறது, அதற்கும் ஏசி வேண்டும். சரி, அது அவர்கள் பாடு, நமக்கென்ன, நாம் வந்தது இதற்கா? ஷாமளாவுக்கும் கேமரனுக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய்விட்டது, கேமரனின் அப்பா எர்னஸ்டும் அம்மா முரியலும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்து நம்மைப் பார்க்கிறார்கள், இந்தச் சாப்பாடு நல்லபடியாக முடிந்தால் நிச்சயம், இல்லையென்றால்... இல்லையென்றால் என்ன என்பதை ஷாமளா காரிலேயே சொல்லிவிட்டாள், கேமரனுக்கு முன்பு பேசிய பெண் வீட்டை எர்னஸ்ட் அங்கிள் ஒரே நாளில் வேண்டாமென்று விட்டாராம், மதம் வேறாக இருக்கலாம், பேமிலி பேக்ரவுண்ட் பொய்யாக இருக்கக் கூடாது என்றாராம்.

பேக்ரவுண்ட்... அதைத்தான் இவர் ஏற்கெனவே வெள்ளையடித்து வைத்திருக்கிறாரே. புனிதவதி ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள், கார்த்திகேசு பாத்தேக் சட்டையில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார், முதல் போன் பேச்சிலேயே எர்னஸ்டிடம் "என் மாமனார் எஸ்டேட்ல பெரிய கிராணி சார்" என்று அவிழ்த்துவிட்டவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற உத்தியோகத்தை, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டியே இடுப்பொடிந்து செத்த மனுஷனுக்குச் செத்த பிறகு தூக்கிக் கொடுத்துவிட்டார், அப்பா உயிரோடு இருந்திருந்தால் பயந்துபோய் எழுந்து நின்றிருப்பார். "ஏங்க இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க புனிதா" என்றார். அது உண்மைதான், இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் தாத்தா கிராணி, அப்பா தோட்டத்துக் கண்டக்டர், அப்படியானால் அத்தனை மரத்தையும் வெட்டினது யார், குரங்கா? எர்னஸ்டின் அப்பாவும் கிராணிதானாம், சுங்கை சோ பக்கம், கிராணிமார்களுக்குள் ஒருத்தரை ஒருத்தர் தெரியுமாம், அதைச் சொன்னதிலிருந்து புனிதவதி அப்பா பேரையே வாயில் எடுக்கவில்லை. கேமரன் அரிசிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் குனிந்து கடவுச்சொல்லைச் சொன்னான், ஒட்டுப்பால், பீப்பாயோடு சேர்ந்து சுவரே கதவாகத் திறந்தது, அவன் குழந்தை மாதிரி சிரித்துத் திரும்பினான், நல்ல பையன், "ஆன்ட்டி, ஒட்டுப்பால்னா என்ன, ஏதாச்சும் டெஸர்ட்டா?" காய்ந்து ஒட்டிப்போன ரப்பர் பாலப்பா, உரித்தெடுத்துச் சாக்கில் போட்டால் பீ நாற்றம் நாறும், அதைத் தோளில் சுமந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள்... "தெரியலப்பா" என்றாள். முரியல் கைக்குட்டையால் மூக்கைத் தொட்டு, "சீ, ஹாரிபிள், பேரைக் கேட்டாலே நாத்தம் அடிக்குது" என்றாள், முத்துமாலை, கையில்லாத ரவிக்கை, எஸ்டேட் பக்கமே போனதில்லை, அட்டை கடிக்குமாமே என்று போன தடவை போனில் சொன்ன முரியல்.

உள்ளே இருட்டு, பழைய புகைக்கொட்டகை என்றார்கள், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்த கட்டடம், இப்போது அதே உத்தரத்தில் கண்ணாடி விளக்கு, அரைக்கால் காக்கிச் சட்டையும் தொப்பியும் மாட்டி கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர் வேஷத்தில் ஒருவன், வந்தவர்களை வரிசையாக நிற்கச் சொல்கிறான், உட்காருவதற்கு முன்பு பெரட்டு எடுப்பார்களாம், அதுதான் இந்த இடத்தின் எக்ஸ்பீரியன்ஸாம். பெரட்டு... விடியுமுன்னே ஆபீஸ் வாசலில் நிறுத்தி ஆள் எண்ணுவது, படிப்பை விட்டுவிட்டு அவள் மரம் வெட்டப் போன காலத்தில் ஒரு நாள் தாமதமாகப் போய், பேர் தாண்டிவிட்டதால் அன்றைக்கு வேலையில்லாமல், அழுதுகொண்டே லயத்து வீட்டுக்குத் திரும்பி நடந்த அந்தப் பெரட்டு, அதற்கு இப்போது முன்பதிவு. அவன் தண்டவாளத் துண்டை டங்கென்று அடித்தான், பேரைக் கூப்பிட்டான், எர்னஸ்ட் "பிரசன்ட், சார்!" என்று சல்யூட் அடித்தார், கேமரன் சிரித்தான், முரியல் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினாள், புனிதவதி என்றதும்... அவள் என்ன கண்டாள், கால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொண்டன, தலை குனிந்தது, "வந்திருக்கேங்கய்யா" என்று வாய் சொல்லிவிட்டது.  பிறகு எர்னஸ்ட், "வாவ், கிராணி மகளுக்குப் பெரட்டுல நின்ன பழக்கம் எப்படிம்மா வந்துச்சு?" என்றார், சிரித்துக்கொண்டேதான் கேட்டார், கண் சிரிக்கவில்லை, அல்லது இருட்டில் அப்படித் தெரிந்ததா? கார்த்திகேசு குதித்தார், "மாமனார் பேர் கூப்பிடுவாரு சார், இவ சின்னப் புள்ளயில பக்கத்துல நின்னு வேடிக்கை பார்ப்பா, நல்லா நடிப்பா லா இவ." எல்லாரும் சிரித்தார்கள். முரியல் மட்டும் சிரிக்கவில்லை.

மேசையில் உட்கார்ந்ததும் புனிதவதி இரண்டு கையையும் மடியில் போட்டுப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், வாயைக் கட்டிவிடலாம், இந்தக் கைகளைத்தான் நம்ப முடியாது, இதுகளுக்குத் தனி ஞாபகம். பானம் வந்தது, கள்ளில் இஞ்சிச் சாறு ஊற்றி மேலே ரோஜா இதழ் போட்டது, கார்த்திகேசு அதை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் மோந்து, "ஓ, இன்ட்ரஸ்டிங்" என்றார், கள்ளுக்கடையை மூடின அன்றைக்குத் தன் அப்பா செத்ததற்கு அழுததைவிட அதிகமாக அழுதவர். எர்னஸ்ட் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார், "சொல்லுங்க மிஸஸ் கார்த்தி, எந்த டிவிஷன்ல இருந்தாரு உங்க ஃபாதர், மெயின் ஆபீஸா, வெளி டிவிஷனா? எங்கப்பா சர்க்கிள்ல எல்லாரையும் தெரியும்." எந்த டிவிஷன்... சொன்னால் மாட்டுவோமா, சொல்லாவிட்டால் மாட்டுவோமா? கடலோரம் பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் தள்ளிச் சொல்லிவிடலாமா, அங்கே மீன் பிடிப்பார்கள், கிராணிக்கு அங்கே என்ன வேலை... ஷாமளாவின் முழங்கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தது, சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் இப்படித்தான் ஆட்டுவாள், அந்த ஆட்டத்துக்காக எந்தப் பொய்யையும் சொல்லலாம் போலவும் இருந்தது, அப்பாவை அந்த ஆபீஸ் நாற்காலியிலிருந்து இறக்கி மறுபடி மரத்தடியில் நிறுத்தினால்தான் மூச்சு விட முடியும் போலவும் இருந்தது. "அது வந்து..." என்று அவள் இழுத்த நேரத்தில் நல்ல காலமாகத் தட்டு வந்தது.

நல்ல காலமா? தட்டில் ஆறு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், ஒவ்வொன்றிலும் பாதிக்குக் குளிர்ந்த கெட்டித் தேங்காய்ப்பால் சூப், பொட்டுப்பொட்டாக எண்ணெய், மண்டோர் வேஷக்காரன் "ஹெரிட்டேஜ் போர்சலின் சார், செஃப்போட சொந்தக் கலெக்ஷன், அப்படியே தூக்கிக் குடிக்கணும்" என்றான். மங்கு... அடப்பாவிகளா, மங்குடா இது, மரத்தில் கம்பி கட்டி மாட்டி ரப்பர் பால் பிடிக்கிற மங்கு, இதில் எறும்பு செத்துக் கிடக்கும், இதில் போய்ச் சூப்பா, அதுவும் வெள்ளையாக, அப்படியே பால் மாதிரி! எர்னஸ்ட் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "சைனீஸ் டீ பௌல், பியூட்டிஃபுல், ரொம்பப் பழசு" என்றார். கிராணி மகனுக்கு மங்கு தெரியாதா? ஆபீசுக்குள்ளேயே வளர்ந்தாரோ, அல்லது... அந்த அல்லதுவைப் பிடித்துக்கொண்டு அவள் போயிருக்கலாம், அதற்குள் "ஆன்ட்டி, சாப்பிடுங்க" என்று கேமரன் சொன்னான், சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், நன்றாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல், அப்பா எந்த டிவிஷன், எந்த டிவிஷன், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்தபோது ஆள்காட்டி விரல் மங்கின் உள்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வழித்து முடித்திருந்தது, மங்கு அவள் முன்னால் வெள்ளை விரிப்பின்மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. பால் எடுத்ததும் கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் நிற்கும், மண்டோர் அம்மாவைத் திட்டுவார்...  எர்னஸ்ட் மங்கைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார். ஷாமளாவின் முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டது. கார்த்திகேசு வாயைத் திறந்தார், அத்தனை வருஷத்தில் முதன்முறையாக அதிலிருந்து பொய் ஒன்றும் வரவில்லை.

"ஓ, இப்படித்தான் செய்யணுமா?" என்றான் கேமரன். கர்த்தர் அந்தப் பையனை ஆசீர்வதிக்கட்டும், முருகனும் கூட, அவன் மிச்சச் சூப்போடு சேர்த்தே கவிழ்த்தான், விரிப்பெல்லாம் வெள்ளையாக ஓடியது, எர்னஸ்ட் மண்டோர் வேஷக்காரனைக் கூப்பிட்டு "இதுதான் முறையா?" என்று கேட்டார், அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, "ஆமா சார், அதான் டிரெடிஷனல் வே, மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான், என்ன அழகாகச் சொல்கிறான், இவனும் எதிர்காலத்தில் யாருக்காவது கிராணி மகனாகிவிடுவான். எர்னஸ்ட் தலையை ஆட்டி, பூசாரி மாதிரி பயபக்தியோடு தன் மங்கைக் கவிழ்த்தார், "மிஸஸ் கார்த்திகிட்ட கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு." ஷாமளா கவிழ்த்தாள், கார்த்திகேசு கவிழ்த்தார், பக்கத்து மேசையில்கூட யாரோ கவிழ்த்தார்கள். தப்பித்தோமா? மூச்சு வந்தது, புனிதவதி நிமிர்ந்தாள், முரியலின் மங்கு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

முரியல் அதை இடது கையில் எடுத்தாள். அவசரமில்லாமல், கணவர் பேசுவதைக் கேட்கிற முகத்தோடு, பார்க்காமலேயே... அவள் கட்டைவிரல் நகம் உள்விளிம்பில் இறங்கி, ஒட்டியிருந்த தேங்காய்ப்பால் ஏட்டை ஒரே இழுப்பில் சுற்றி உரித்தெடுத்து, இடது இடுப்புப் பக்கம் வீசியது. அங்கே ஒன்றுமில்லை, ஒட்டுப்பால் சாக்கு கட்டியிருக்க வேண்டிய இடத்தில் விலையுயர்ந்த பட்டு மட்டும்தான் இருந்தது, ஏடு அதன்மேல் விழுந்து கீழே வழுக்கிப்போனது. பிறகுதான் மங்கைக் கவிழ்த்தாள். கவிழ்த்ததை என்னைப் பார்த்துக் கற்றிருக்கலாம், எல்லாரும்தான் செய்தார்கள், ஆனால் நான் வீசவில்லையே... நான் எதையும் வீசவில்லை. பேரைக் கேட்டாலே நாத்தம் அடிக்குது என்றாளே, கேமரன் டெஸர்ட்டா என்று கேட்ட வார்த்தைக்கு நாற்றம் இருப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது? முரியல் கைக்குட்டையால் புடவையைத் துடைத்தாள், துடைத்து முடித்து நேராகப் பார்த்தாள், போன் பேசியதிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தடவையாக இங்கிலீஷ் கலக்காமல் கேட்டாள்: "ஏங்க புனிதா, ஒங்க அப்பா எந்தத் தோட்டத்துக் கிராணின்னு சொன்னீங்க?"

எர்னஸ்டும் திரும்பினார், பதிலுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அவருக்குத் தெரியுமா, மனைவியின் கட்டைவிரலை அவர் எப்போதாவது பார்த்திருக்கிறாரா? காட்டிக்கொடுக்கக் கேட்கிறாளா இவள், அல்லது நீ கிராணி மகளாகவே இரு, அப்போதுதான் நானும் இருக்க முடியும் என்று கெஞ்சுகிறாளா, உண்மையைச் சொன்னால் யார் வீட்டு ரகசியக் கதவு முதலில் திறக்கும்... புனிதவதி தன் கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள், மடியில், தலைப்புக்குள். எதிரே பார்த்தாள். முரியலின் கையும் மேசைமேல் இல்லை.