மகளிர் நல மையம்

சொர்ணம் முழங்கால் தண்ணீரில் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால், வீட்டு வாசலில், ஆம்புலன்ஸிலிருந்து அவள் புருஷனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிணத்தை விட்டுவிட்டுக் கடலுக்கு ஓடுகிற பெண்டாட்டியைக் குப்பம் இதற்கு முன் பார்த்ததில்லை.

“தள்ளாதீங்க. ஊர்ல சாவு வுழுந்துகீது. போட்ட தள்ளக் கூடாது.”

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுத்து முடிக்கிறவரை ஒரு படகும் கடலுக்குள் போகாது. பச்சைக் குழந்தை போனாலும் குடிகாரன் போனாலும் அதுதான் வழக்கம். அவள் புருஷன் கண்ணாயிரத்துக்கு மட்டும் அது கிடையாது என்று யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை. அவரவர் பாட்டுக்கு விடிகாலையில் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். சொர்ணத்தைத் தண்ணீருக்குள் ஓடிவர வைத்தது அதுதான். படகுகள் போய்விட்டால் அவரை ஊர் தள்ளிவைத்ததாக ஆகிவிடும். அந்தப் பெயரோடு மிச்சக் காலத்தை அவள் இங்கேதான் கழிக்க வேண்டும்.

ஊர்த் தலைவர் அப்பாசாமி மணலில் நின்றபடி சொன்னார். “வழி வுடும்மா. வல காய வெக்கிற எடத்த கம்பெனிக்குத் தாரை வாத்தவனுக்கு ஊரு இன்னாத்துக்கு நிக்கணும்?”

“அவரு தாரை வாக்கல அண்ணாத்த. அவரயும்தான் ஏமாத்திட்டானுங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எம்புள்ள கிஷோர் மேல சத்தியம்.”

கண்ணாயிரம் இந்தக் குப்பத்திலேயே பிறந்து, செங்கல்பட்டில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் கிளையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனி ஒரு நாள் குப்பத்தைத் தத்து எடுத்துக்கொண்டது. தத்துக் கொடுங்கள் என்று இங்கே யாரும் அழவில்லை. சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்தார்கள், கன்று நட்டு போட்டோ எடுத்தார்கள். அப்புறம் வலை காய்கிற, கருவாடு உலர்கிற மேட்டுமணலைக் கேட்டார்கள். மகளிர் நல மையம் வரும், ஐஸ் பெட்டி வரும், மீன் விற்றுவிட்டு வருகிற பெண்கள் நிழலில் உட்கார இடம் வரும் என்றார்கள். அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னது சொர்ணம்தான். என் பேச்சை நம்புங்கள் என்று எத்தனை பேர் கையைப் பிடித்திருப்பாள்! கடைசிவரை முரண்டு பிடித்த சின்னப்பொண்ணு கூட, “நீ சொல்றதால வுடறேன்டி” என்றுதான் கருவாட்டுப் பாயைச் சுருட்டினாள்.

கட்டடம் எழும்பியது. திறப்பு விழா முடிந்து கொஞ்ச நாளில் பலகை மாறியது. ஊழியர் பயிற்சி மையம். கேட்டில் காவலாள். சென்னையிலிருந்து ஏசி பஸ்ஸில் கம்பெனிப் பிள்ளைகள் வந்து, கலர் கலர் மெத்தைகளில் சாய்ந்துகொண்டு, கண்ணாடிச் சுவரில் எதையோ எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். கம்பெனி வேலை செய்கிற முறையே மாறுகிறதாம். அந்த மாற்றத்தில் செங்கல்பட்டுக் கிளையை மூடி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாயிரத்துக்கு மட்டும் மையத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. பாவம் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொர்ணம் நினைத்துக்கொண்டாள்.

பலகை மாறிய அன்றைக்கு அவர் அவள் மடியில் தலை வைத்து அழுதார். “என்னையும் சேத்து ஏமாத்திட்டானுங்க சொர்ணம்.” சாப்பிடவே மாட்டேன் என்றவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். நேற்று மாலை அந்த மையத்து வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அப்பாசாமி கடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “புள்ள மேல சத்தியம் பண்ணிட்டா. ஏத்துங்கடா மேல.”

படகுகள் மணலில் ஏறின. சின்னப்பொண்ணு இறங்கி வந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். “வா, வூட்டுக்குப் போலாம். ஒண்டியா நிக்காத இங்க.”

அதற்கப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. பந்தல் வந்தது, மேளம் வந்தது. இளவட்டங்கள் மூங்கில் வெட்டப் போனார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து கிஷோர் வந்து, அப்பன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். ஊர் தன் புருஷனைத் திரும்ப எடுத்துக்கொண்டதில் சொர்ணத்துக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு நிம்மதி இருந்தது.

வெயில் ஏறியபோது கம்பெனியிலிருந்து வந்தார்கள். ‘பொறுப்புள்ள குடிமகன்’ என்று முதுகில் அச்சடித்த நீலச் சட்டை போட்ட பிள்ளைகள், பெரிய மலர் வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். மேலாளர் கிருபாகரன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சொர்ணத்தின் அருகில் குந்தி, தணிந்த குரலில் பேசினான். சின்ன வயசுதான். கண் கலங்கியிருந்தது.

“சார் மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாரும்மா. உங்களுக்குத் தெரியாததா? பயிற்சி மையத்துக்கு பீச் ஓரமா இடம் வேணும்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டப்போ, சார்தான் வழி சொன்னார். ‘நேரா கேட்டா ஊர் தராது. மகளிர் மையம்னு சொல்லுங்க, போர்ட அப்புறம் மாத்திக்கலாம். என் வீட்டம்மாவ விட்டுப் பேச வைக்கிறேன், அவ சொன்னா கேப்பாங்க’ன்னார். அதனாலதான் கிளைய மூடினப்பகூட அவர மட்டும் விடல. உங்களுக்கும் நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்மா.”

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அவளும் கூட்டு என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருக்கிறான்.

சொர்ணம் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் எழுந்து போனான்.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். தாடையைக் கட்டியிருந்தார்கள். கம்பெனி ஏமாற்றியது, கம்பெனி என்றால் அப்படித்தான் என்று ஆறிக்கொள்ளலாம். இந்த மனுஷன் ஊரையும் ஏமாற்றி, அதற்கு அவள் நாக்கையே வாங்கிக்கொண்டு, அப்புறம் அவள் மடியிலேயே படுத்து அழுதிருக்கிறான். அந்தச் சோற்றை எப்படி முழுங்கினான்? நினைக்க நினைக்க உடம்பு பற்றி எரிந்தது. காலையில் பிள்ளை மேல் செய்த சத்தியமும் பொய்யாகிப்போனது.

“பொம்பளைங்க வாய்க்கரிசி போடுங்கம்மா, நேரமாவுது,” என்று அப்பாசாமி குரல் கொடுத்தார்.

அவள் கையில் அரிசியைத் திணித்து முன்னால் நகர்த்தினார்கள். சொர்ணம் அவன் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். விரல்கள் பிரியவில்லை. பின்னால் யாரோ விம்மினார்கள். பாவம், பித்துப் பிடித்தாற்போல ஆகிவிட்டாள் என்றாள் இன்னொருத்தி.

சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “குட்த்துட்றி. பசியோட அனுப்பாத.” விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை. “சரி, உம்பேர்ல நான் போடறேன்.” முறத்திலிருந்து அரிசியை அள்ளி ஒரு பிடி போட்டாள். இரண்டாவது பிடியும் போட்டாள்.

மூன்றாவது பிடியை அள்ளும்போது சொர்ணம் அவள் காதருகே குனிந்தாள்.

“அவனுக்குத் தெரியும்டி. மொதல்லயே தெரியும். என்ன வெச்சு உங்கள ஏமாத்துனதே அவன்தான்.”

சின்னப்பொண்ணு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை பிணத்தின் வாய்க்கு மேலேயே நின்றுவிட்டது.

வெளியே பாடையின் நான்கு மூலையிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். “ஆச்சா?” என்று கேட்டார் அப்பாசாமி. இரண்டு பெண்களும் அரிசியை மூடிய கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.