பொற்கலையின் பேர் ஒட்டவில்லை

கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பேர் ஒட்டாதவர் அந்தக் கல்யாணத்துக்குப் போக முடியாது. மண்டப வாசலோடு கால் நின்றுவிடும். அந்த ஊரில் அப்படித்தான். போன மாதம் ஒரு மாப்பிள்ளைக்கே அது நேர்ந்தது. மாலையும் கழுத்துமாக வெளியே நின்று ஜெனரேட்டர்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே கல்யாணம் நன்றாகவே நடந்தது.

பொற்கலைக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அவள் பேர் ஒட்டவில்லை.

சேவியரின் அச்சுக் கடையில் லேசர் பிரிண்டர் முன்னால் அப்பாவோடு நின்றிருந்தாள். பேப்பரைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா பெரியகருப்பன். ஒவ்வொரு தாளையும் விரலால் சுண்டிப் பார்த்தார். தாய்மாமன் ஒச்சப்பனும் பத்திரிகை வாங்கியதும் அப்படித்தான் சுண்டுவார். சத்தம் சரியில்லை என்றால் சீர் தூக்க மாட்டார்.

முதலில் துணி போல வரிவரியாக இருந்த தாள். அச்சாகி வந்ததும் அப்பா கட்டைவிரலால் தேய்த்தார். பெரியப்பாக்கள், துபாய் சித்தப்பா, எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். பொற்கலை மட்டும் கறுப்புப் பொடியாக உதிர்ந்தாள்.

"மேடு பள்ளமான பேப்பர்ல மைப்பொடி பள்ளத்துல இறங்காதும்மா," என்றார் சேவியர்.

"மத்த பேரெல்லாம் இறங்கியிருக்கே?"

"அதெல்லாம் பெரியவங்க பேரு."

அடுத்தது பளபளப்பான தாள். அது மெஷினுக்குள்ளேயே உருகி உருளையில் சுற்றிக்கொண்டது. சேவியர் இடுக்கியால் பிய்த்தெடுத்தார்.

"இது வேற மெஷினுக்கு உள்ளது. லேசர் சூடு தாங்காது."

"அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"கேக்குறாங்களே."

பொற்கலைக்கு எரிச்சலாக வந்தது. தானே ஒரு சாதா வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். எல்லாப் பேரும் ஒட்டின. அவள் பேரும் ஒட்டியது. நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. சந்தோஷமாக அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அதைச் சுண்டினார். சத்தமே வரவில்லை.

"இதக் குடுத்தா உன் மாமன் கடலைய மடிச்சுத் திம்பான்."

"அப்பா, இதுலதான் என் பேரு இருக்கு."

"பேர யாரு பாக்குறா? கையில வாங்குனா கனம் தெரியணும்த்தா."

கனமான தாள் கடையின் பின்பக்கம் இருந்தது. காகித அடுக்குகள் நீண்டுகொண்டே போனதால் அங்கே போக டவுன் பஸ் விட்டிருந்தார்கள். சேவியர் ஏறிப் போனார். வெறுங்கையோடு அதே பஸ்ஸில் திரும்பினார்.

"கனமானது ஒண்ணும் இல்ல. எல்லாம் முகூர்த்தத்துக்குப் போயிருச்சு."

"அப்ப என் மேலயே அடிங்க!" என்று கத்தினாள் பொற்கலை.

கோபத்தில் சொன்னதுதான். சேவியர் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டார். மெஷினின் பக்கவாட்டுத் தட்டை இழுத்து விட்டார்.

"கனமான பேப்பரெல்லாம் இதுல ஒண்ணொண்ணா வைக்கணும். தலை முன்னால இருக்கட்டும்மா."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் அவள் படுத்தாள். சேவியர் ஒரு பொத்தானை அழுத்தி 'தடிமன்' என்று மாற்றினார். உள்ளே நல்ல சூடு. உருளைகள் மரியாதையாகவே இழுத்தன.

மறுபக்கம் வெளியே வந்தபோது தோளிலிருந்து கணுக்கால் வரை பேர்கள் இருந்தன. ஒச்சப்பன் மாமா நெஞ்சுக்கு நேராகத் தடித்த எழுத்தில் இருந்தார். அப்பா அவள் முழங்கையைச் சுண்டினார். அருமையான சத்தம். தேய்த்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூட உதிரவில்லை.

"பேப்பர்னா இது பேப்பர்!" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

பொற்கலை தன்னை மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"என் பேரு எங்க?"

"பேப்பர் மேல பேப்பர் பேர அடிக்கிற வழக்கம் இல்லம்மா," என்றார் சேவியர்.

அப்பா சட்டைப்பையிலிருந்து மஞ்சள் எடுத்துக் குழைத்து நாலு மூலைக்கும் வைத்தார். இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால். பிறகு ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார்.

"முதுகு சும்மாதான கெடக்கு? மாப்பிள்ளை வீட்டு ஆளுகளையும் போட்டுரலாம்."

"கொஞ்சம் சூடு ஆறட்டுமே," என்றார் சேவியர்.

"வேண்டாம், இப்பவே திருப்புங்க. ஆறுனா சுருண்டுக்குவா."