ஆகஸ்ட் மாதத்து லாம்ப்ரே

ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களெல்லாம் ஆகஸ்டில் திரும்பி வருவார்கள். வாடகைக்கு எடுத்த பெரிய காரைச் சொந்தக் கார் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெற்ற தாய் பேசிய பாஷையில் பாதியை மறந்துவிட்டு, மீதிப் பாதியைப் பிரெஞ்சோடு பிசைந்து பேசுவார்கள். இவர்களைக் கண்டாலே கிராசியெத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். மின்யோ ஆற்றங்கரையில் அவள் நடத்துவது சின்னச் சாப்பாட்டுக் கடை. முழுத் தட்டு என்றால் இரண்டு பேருக்குக் காணும் என்பது உள்ளூர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர்கள் ஆளுக்கொரு முழுத் தட்டு கேட்டு, பாதியை எச்சிலாக்கி வைத்துவிட்டு, கடைசியில் பால் காபி கேட்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பாலாம்! தொட்டில் பிள்ளைகூட அப்படிக் குடிக்காது என்பாள் கிராசியெத்.

அந்தக் கூட்டத்தில் அவளுக்குக் கொஞ்சமும் ஆகாதவன் அவளோடு கூடப் பிறந்த தம்பி அபீலியு. லக்சம்பர்க்கில் கட்டட வேலைக்குப் போனவன், இப்போது நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறான். கடை இருக்கும் வீட்டை அம்மா இரண்டு பேர் பெயருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள். விற்கலாம் என்றான் தம்பி. முடியாது என்றாள் அக்கா. கோர்ட்டுக்குப் போய் ஏலம் விட வைப்பேன் என்று ஈஸ்டரின்போதே போனில் சொல்லிவிட்டான். ஏலத்தில் எடுக்க அவளுக்கு வழியில்லை. அடுப்பைவிட்டால் வேறு பிழைப்பும் தெரியாது. இப்போது வாங்குகிற ஆளையே கூட்டிக்கொண்டு வந்து நடு மேசையில் உட்கார்ந்திருந்தான். வெபர் என்று பெயர். வீட்டை இடித்துத் தங்கும் விடுதி கட்டப் போகிறவராம்.

"மொஸ்யூ வெபர், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, எங்க ஊர்ச் சாப்பாட்ட நான் சொல்லித் தர்றேன்," என்று அபீலியு சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்தத் தொடங்கினான். "இது காட் மீன். காலைல இந்த ஆத்துலயே பிடிச்சது."

கிராசியெத் பல்லைக் கடித்துக்கொண்டாள். காட் மீன் வடகடலில் பிடிபட்டு, உப்பில் காய்ந்து, கருவாடாகத்தான் இந்த நாட்டுக்குள்ளேயே வரும். அதை இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தவள் அவள். வெபர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்க்கா. இவருக்கு லாம்ப்ரே சோறு போடு. அம்மா பண்ணுவாளே, அது."

"டேய், இது ஆகஸ்ட்."

"அதுக்கு?"

அதுக்கு என்று கேட்கிறான்! இந்த ஆற்றங்கரையில் பிறந்தவன் வாயிலிருந்து வரக்கூடிய கேள்வியா அது? லாம்ப்ரே மீன் குளிர்காலத்தில் கடலிலிருந்து ஆற்றில் ஏறும். ஜனவரியில் தொடங்கினால் ஏப்ரலோடு சரி. பாம்பு போல நீளம், முள் என்பதே கிடையாது. அதன் ரத்தத்திலேயே சிவப்பு ஒயின் ஊற்றி ஊறவைத்துச் சோறோடு சேர்த்து ஆக்குவார்கள். ஆகஸ்டில் லாம்ப்ரே கேட்கிறவனை ஊரில் பைத்தியம் என்பார்கள்.

"லக்சம்பர்க்ல எந்த மாசமும் எதுவும் கிடைக்கும்," என்று அபீலியு வெபரிடம் உதட்டைப் பிதுக்கினான். "பாருங்க, இதனாலதான் இங்க யாவாரம் உருப்படறதில்ல. கேட்டதக் குடுக்கத் துப்பில்லாதவங்க எதுக்குக் கடை வைக்கணும்?"

அவ்வளவுதான், அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. "இருடா, இருக்குது. ஆக்கித் தர்றேன். ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள்.

அடுக்களையில் ஒயினில் ஊறிய விலாங்குத் துண்டுகள் இருந்தன. கோழிச் சோற்றுக்கென்று வினிகர் கலந்து வைத்த கோழி ரத்தம் இருந்தது. இரண்டையும் ஒரே சட்டியில் சேர்த்தாள். கறுத்துக் கொழகொழவென்று, பார்வைக்கு அச்சு அசலாக வந்தது. அவன் வாய் நிறையப் புகழட்டும், அப்புறம் அந்த வெபர் முன்னாலேயே, விலாங்குக்கும் லாம்ப்ரேக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாளே என்று மானத்தை வாங்கிவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை. சட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

அபீலியு முதல் கவளத்தை வாயில் போட்டான். மென்றான். வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். "முள்ளக்கூட அம்மா இப்படித்தான் விட்டுவைப்பா," என்றான்.

முள்ளாம்! கிராசியெத்துக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க, மூக்கை நாப்கினில் சிந்திக்கொண்டு அழுதான்.

"அக்கா, அம்மாவே வந்து பரிமாறின மாதிரி இருக்குக்கா. நான் மனுசனே இல்ல. இந்த அடுப்பயா இடிக்கப் பாத்தேன்?" வெபர் பக்கம் திரும்பி, "மொஸ்யூ, மன்னிச்சுக்கங்க. இது விக்கறதுக்கில்ல. என் பங்கையும் அக்கா பேருக்கே எழுதப் போறேன்," என்றான்.

வெபர் நாப்கினை மடித்து வைத்துவிட்டு, பால் காபி கிடைக்குமா என்று கேட்டார்.

கிராசியெத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அவன் அவமானம் தாங்காமல் நாளைக்கே கோர்ட்டுக்குப் போவான். சொல்லாவிட்டால் கடை அவளுக்கு. "சாப்பிடுடா, ஆறிடப் போகுது," என்றாள். தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் திபூர்சியு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். ஆற்றில் லாம்ப்ரேக்கு வலை போடுகிறவர். ஒவ்வொரு பருவத்திலும் முதலில் சிக்குவதை ஈரச் சாக்கில் சுற்றி அவள் கடைக்குத்தான் கொண்டுவருவார். வேறு யார் கேட்டாலும் தரமாட்டார். ஊரில் கிராசியெத் மதிக்கிற ஒரே மனிதர் அவர்.

"அண்ணே, வாங்க வாங்க!" அபீலியு ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே நீட்டினான். "நீங்களே சொல்லுங்க. அம்மாவோட லாம்ப்ரேதான இது?"

திபூர்சியு சட்டியைப் பார்த்தார். தட்டோரத்து முள்ளைப் பார்த்தார். பிறகு கிராசியெத்தைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கரண்டியை வாங்கி வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஆமாப்பா. அதேதான்."

அபீலியு கைதட்டினான். திபூர்சியு உட்காரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தவர், அவள் அருகில் வந்ததும் நின்றார். ஆகஸ்டில் ஊருக்கு வருகிறவர்களை அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படி ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜனவரில எனக்காகக் காத்திருக்காதம்மா. மொத மீனை வேற கடையில குடுத்துக்கறேன். உனக்குத்தான் ஆகஸ்ட்லயே கிடைக்குதே," என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"அண்ணே, கடை போயிடும்னுதான்..." என்று அவள் வாசல் வரை பின்னாலேயே போய் ஆரம்பித்தாள். அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

"அக்கா! இன்னும் கொஞ்சம் போடுக்கா!" என்று உள்ளேயிருந்து அபீலியு கத்தினான். கிராசியெத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியை வழித்து அவன் தட்டில் போட்டாள்.