பதினோராங் கட்டை பஸ் நிறுத்தம்

பஸ் நிறுத்தம் நடக்கத் தொடங்குவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, 2014ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திலகத்துக்கும் அவள் கணவன் முருகையாவுக்கும் இடையே ஒரு சின்னப் பேச்சு நடந்தது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம் என்பது திலகத்துக்கு மட்டுமே தெரியும்.

"என்னங்க, தானா ராத்தாவுக்குப் போயி ஒரு தே குடிச்சிட்டு வரலாமா?"

"தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டு தே குடிக்க டவுனுக்கா? இந்தக் காலை வச்சிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் மேடு ஏறணும்லா."

"கொழுந்து லோரில போலாம்."

"மூட்டையோட மூட்டையாவா? என்னையும் எடை போட்டுருவானுங்க. பஸ்ஸ வாசலுக்கு வரச் சொல்லு, சட்டை மாத்திக்கிட்டு வரேன்."

முருகையா அதே கொழுந்து லோரியைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர். ரிங்லெட்டிலிருந்து மேலே வரும் வளைவுகளை எண்ணிக்கை பிசகாமல் சொல்வார். முந்தைய வருடம் சர்க்கரை வியாதியால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொழுந்து வெட்டும் கத்தரிகளைத் தீட்டிக் கொடுத்தார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து வேன் வரும். ஆசைக்கு வேன் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை திலகம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். மறுநாள் வேலை முடிந்து வந்து, ஐந்தாம் படிவம் வரை படித்த மலாய் மொழியில், மலைநாட்டு மேம்பாட்டு அலுவலகத்துக்கு முதல் கடிதத்தை எழுதினாள்.

அப்போது பஸ் நிறுத்தம் பெரிய சாலையில், பதினோராவது மைல்கல்லான பதினோராங் கட்டையில், சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படம் பிடிக்கும் மேட்டில் இருந்தது. நீலத் தகரக் கூரை, நான்கு இரும்புத் தூண், ஒரு சிமெண்டு பெஞ்சு. காட்சி அழகாக இருக்கும் இடத்தில் ஒப்பந்தக்காரர் நட்டுவிட்டுப் போயிருந்தார். மக்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் இரண்டு கிலோமீட்டர் கீழே பள்ளத்தில் இருந்தது. பஸ் லயத்துக்கு வர வேண்டும் என்று திலகம் கேட்டாள். பள்ளிப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், மழையில் நனையும் ரேஷன் அரிசி என்று காரணங்களை வரிசையாக எழுதினாள். டவுனில் தே குடிப்பதைப் பற்றி எழுதவில்லை. அதற்கெல்லாம் அரசாங்கத்தில் இடமிருக்காது என்று நினைத்தாள்.

கடிதத்தில் தன் பெயரையும் போடவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரும் தன் பெயரில் எதையும் கேட்டதில்லை. கூரை ஒழுகினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும், அவர் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்வார், கிராணி தோட்டத்து மேலாளரான துரையிடம் சொல்வார். துரையின் காதுக்குப் போய்ச் சேரும்போது அது யார் வீட்டுக் கூரை என்பது மறைந்து, ஒரு கூரை என்று மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த வழக்கப்படி திலகம் கடிதத்தின் கீழே பழைய கங்காணி கருப்பையாவின் பெயரை எழுதினாள். "எழுதிக்கம்மா, என் பேரு சும்மாதான் கெடக்கு" என்று அவரும் கையெழுத்துப் போட்டார்.

பதினெட்டாவது கடிதம் போன மறுவாரம், 2016 மார்ச்சில், பஸ் நிறுத்தம் நான்கு அடி நகர்ந்திருந்தது. பனிமூட்டம் விலகியபோது முதலில் பார்த்தவர் பஸ் ஓட்டுநர் காளியப்பன். தூண்களின் அடியில் புல் கசங்கவில்லை. அடுத்த மூட்டத்துக்கு ஐந்தடி, அதற்கடுத்ததற்கு நான்கு. அலுவலகத்திலிருந்து கிரேன் லோரி வந்து இரண்டு முறை அதைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தது. இரண்டாம் முறை திரும்பக் கிளம்பியபோது பெஞ்சு லயத்தைப் பார்க்கத் திரும்பியிருந்தது. மூன்றாம் முறை கிரேன் வரவில்லை. பனி இல்லாத நாட்களில் அது நகராது, யாராவது பார்த்துக்கொண்டிருந்தாலும் நகராது. கொழுந்து லோரி வந்தால் வழிவிடும் அளவுக்கு ஓரமாகவே நின்றது. ஆடி மாதத்தில் முனியாண்டி கோவில் எதிரே ஒன்பது நாள் தங்கியது. யாரோ தூண்களுக்கு மாவிலை கட்டினார்கள்.

காளியப்பன் சட்டப்படி நடப்பவர். நிறுத்தம் தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் அவரும் பஸ்ஸைத் திருப்பினார். பஸ் கம்பெனியில் கேட்டதற்கு, "ஸ்டாப்பு இருக்கிற எடத்துல நிக்கணும்னுதான் எனக்கு ஆர்டர். ஸ்டாப்பு எங்க நிக்கணும்னு ஆர்டர் கெடையாதே" என்றார். 2018 கடைசியில் அது தோட்டத்து கேட்டைத் தாண்டி உள்ளே போனது. கேட்டுக்கு அப்பால் இருப்பது தனியார் சாலை, அதில் பொதுப் பேருந்து ஓடக் கூடாது. பெரிய சாலையிலோ நிறுத்தம் இல்லை, ஆகவே பஸ் நிற்கவும் கூடாது. மெதுவாகப் போவது நிற்பது ஆகாது என்று காளியப்பன் முடிவு செய்து, கேட்டருகே நடக்கும் வேகத்தில் ஓட்டினார். கால் இருந்தவர்கள் தாவி ஏறிக்கொண்டார்கள்.

திலகத்துக்கு இதுதான் கெட்ட காலம். பக்கத்து வீட்டு இராசம்மா குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "உன் கடுதாசியப் படிச்சிட்டுத்தான் அது கெளம்பி வருது. பஸ்ஸக் கேட்டா ஸ்டாப்பு வருது. நாளைக்கு நீ ஆஸ்பத்திரி கேட்டா கட்டில் மட்டும் நடந்து வரும்போல." திலகம் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முருகையா வாசலிலிருந்து, "இராசம்மா, கட்டில் வந்தா மொதல்ல நான்தான் படுப்பேன்லா" என்று கத்தினார். மனைவி ஏன் எழுதுகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவளுக்கு எழுதப் பிடிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

2020இல் நோய்க்காலம் வந்தது. யாரும் நடமாடக் கூடாது என்றார்கள். அந்த வருடம் நிறுத்தம் மட்டும் ஏறக்குறைய இருநூற்றைம்பது மீட்டர் நடந்தது. அதே வருடம் கருப்பையா கங்காணி எண்பத்து மூன்று வயதில் இறந்தார். அவரை மேட்டு இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்த வாரத்திலும் திலகம் அவர் பெயரில் கடிதம் அனுப்பினாள். லயத்தில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. புதுக் கங்காணி போடாதவரை பழையவர்தான் கங்காணி, கங்காணி வேலையையே எடுத்துவிட்டதால் இனிப் புதியவர் வரப்போவதும் இல்லை. அலுவலகத்தின் பதில்களும் கருப்பையாவுக்கே வந்தன, மரியாதையாக.

2024 இறுதியில் நிறுத்தம் லயத்துக்கு வந்து சேர்ந்தது. திலகத்தின் வாசலுக்கு எட்டு அடி முன்பாக நின்றது. பிறகு நான்கு மாதம், எவ்வளவு மூட்டம் போட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. இராசம்மா அதன் கூரையடியில் துணி காயப் போட்டாள்.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அடுத்த பத்து வருடங்களுக்கான சாலைத் திட்டம் தயாராகிறது. பதினோராங் கட்டையில் பெரிய சாலையில் நிறுத்தம் ஏதும் காணப்படவில்லை, ஆகவே அது வரைபடத்திலிருந்து நீக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர் நேரில் பேச வேண்டும். அதிகாரியே தோட்டத்துக்கு வருவார். திருவாளர் கருப்பையா தவறாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். துரையிடம் கேட்டபோது, அலுவலகம் கேட்டால் சாலையைப் பொதுவுக்கு விடத் தயார் என்றார். அலுவலகமோ மக்கள் கேட்டால் துரையைக் கேட்கத் தயார் என்றது. மக்கள் கங்காணியின் பெயரால் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2025 ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அதிகாரி வந்தார். வாணி என்ற தமிழ்ப் பெண், குவாந்தானிலிருந்து மாற்றலாகி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வந்ததும் தூறல் பிடித்தது. கோப்பு நனையாமலிருக்க நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். லயத்து ஜனம் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதுபோல் சுற்றி வரிசையாக நின்றது.

"கருப்பையா வந்திருக்காரா?"

காலைப் பெரட்டில் ஒருவர் வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்பவர் பதில் கொடுப்பது அங்கே பழக்கம். "இருக்காரு மிஸ்" என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக வந்தன.

"எங்க?"

இராசம்மா இடுகாட்டு மேட்டைக் கை காட்டினாள்.

வாணி மேட்டைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். "அவர் போய் எத்தனை வருசமாச்சு?"

"அஞ்சு வருசம்."

"போன மாசம்கூட கடிதம் போட்டிருக்காரே. அவருக்கு எதுக்கும்மா பஸ்ஸு?"

"அவருக்கு எதுக்கு மிஸ்? எங்களுக்குத்தான்."

"எங்களுக்குன்னு ஃபார்ம்ல எடமில்லம்மா. ஒருத்தர் பேரு வேணும், ஒரு காரணம் வேணும். இன்னிக்கே வேணும். இல்லன்னா வரைபடத்துல இந்த ஸ்டாப்ப நான் அடிச்சிட்டுத்தான் போகணும்."

எல்லோரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் அடுத்தவரைப் பார்த்தார். அந்தப் பார்வை வரிசை முழுக்கப் போய் கடைசியில் திலகத்திடம் வந்து நின்றது. அவள் தன் காரணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு நான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓடுகிறது. கர்ப்பிணிகளுக்குத் தோட்டத்து வேன் உண்டு. ரேஷன் அரிசி இப்போது லோரியில் வந்து இறங்குகிறது. பதினோரு வருடத்தில் அவள் எழுதிய காரணங்கள் எல்லாம் தீர்ந்துபோய், எழுதாதது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அந்த நேரத்தில் மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இரண்டு நிமிடம் போயிருக்கும். விலகியபோது நிறுத்தம் எட்டு அடியையும் கடந்து, அதிகாரியோடும் கோப்போடும் இராசம்மாவின் துணிகளோடும், திலகத்தின் வாசலில் நின்றது. கூரைத் தண்ணீர் முதல் படியில் சொட்டியது. வாசலில் உட்கார்ந்திருந்த முருகையா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எட்டித் தூணைத் தொட்டுப் பார்த்தார். வாணி அளவு நாடாவை எடுத்து வாசற்படிக்கு உள்ள தூரத்தை அளந்து, கோப்பில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதிக்கொண்டார்.

"சரி, எடம் இங்கன்னு போட்டாச்சு. இப்ப கேக்குறது யாருன்னு சொல்லுங்க."

அதன் பிறகு நடந்தவை பதிவில் உள்ளன. ஆகஸ்டில் துரை சாலையைப் பொதுவுக்கு விட்டார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பஸ் நாளுக்கு நான்கு தடவை கேட்டைத் தாண்டி இறங்கி, லயத்து வாசலில் நிற்கிறது. முதல் நாள் காளியப்பன் இஞ்சினை அணைத்துவிட்டு, முருகையா நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். நிறுத்தம் இன்றுவரை அங்கேயே நிற்கிறது, பனி போட்டாலும் நகர்வதில்லை. இராசம்மா இன்னும் அதில்தான் துணி காயப்போடுகிறாள். பெரிய சாலை மேட்டில் நான்கு சதுரத் தழும்புகளில் புல் முளைத்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் பின்னால் வந்தவை. அந்தச் செவ்வாய்க்கிழமை, தூறலில், திலகம் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். கணவனைப் பார்க்காமல், கோப்பைப் பார்த்தே பேசினாள்.

"என் பேரு திலகம், மிஸ். எனக்குத்தான் பஸ் வேணும். எங்க வீட்டுக்காரர்கூட டவுனுக்குப் போயி, ஒரு கடையில உக்காந்து தே குடிக்கணும்."