ஆறுதல் அண்ணனின் இடது காது

ஊரே ‘ஆறுதல் அண்ணன்’ என்று கொண்டாடிய மனிதருக்குச் சொந்தப் பெண்டாட்டியிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. கூத்தைக் கேளுங்கள்.

சண்டை போட்டுக்கொண்ட குடும்பங்களை டிவியில் எதிரெதிரே உட்காரவைத்து, ஆசைதீர அழவிட்டு, கடைசியில் கட்டிப்பிடிக்க வைப்பதுதான் அவருடைய நிகழ்ச்சி. யாராவது கண் கலங்கினால் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்ப்பார். கொஞ்ச நேரம் பேசவே மாட்டார். பிறகு மெல்ல, “உங்க மனசு எனக்குப் புரியுது” என்பார். அவ்வளவுதான், அரங்கமே மூக்கை உறிஞ்சும். அந்தச் சாய்வில் தாயின் கனிவு தெரிவதாகப் பத்திரிகைகள் எழுதின. தைல விளம்பரக்காரர்கள்கூட அந்தச் சாய்வைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

கனிவாவது ஒன்றாவது. அவர் இடது காதுக்குள் ஒரு குட்டி இயர்போன் இருந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் இயக்குநரம்மா அதன் வழியாக வரிக்கு வரி சொல்லிக்கொடுப்பார். வானிலை வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் மழையை வெயில் என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டவரைத் தூக்கிவிட்டதே அந்த அம்மாள்தான். கருவி கரகரக்கும், சரியாகக் காதில் விழட்டும் என்றுதான் தலையைச் சாய்ப்பார். வாய் மட்டும் அவருடையது, வார்த்தையெல்லாம் இரவல்.

வினை வீட்டில் வந்தது. வயிற்றில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மனைவி சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அவருக்குத் திக்கென்றது. என்ன பேசுவதென்று தெரியவில்லை, காதும் காலி. தலை தானாகச் சாய்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

“உங்க மனசு எனக்குப் புரியுது. ஒரு சின்ன இடைவேளைக்கு அப்புறம் பேசலாம்.”

கல்யாணமான நாளிலிருந்து அவளை ‘நீ’ என்றே கூப்பிட்டு வந்தவர். இடைவேளையைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்த ‘உங்க’தான் சுருக்கென்று தைத்தது. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆபரேஷனை அக்கா பார்த்துக்கொள்வாள், தொகுப்பாளர் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள்.

மனுஷன் ஆடிப்போனார். நேராக இயக்குநரம்மாவிடம் போய் நின்றார். குடும்ப விஷயத்தில் தன்னை இழுக்க வேண்டாம் என்று அந்த அம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதும் மனமிறங்கினார். ஆக, சட்டைப்பையில் போன், காதில் கருவி, மறுமுனையில் இயக்குநரம்மா என்று அண்ணன் கிளம்பினார்.

கதவைத் திறந்தது மனைவியின் அக்கா. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கக் காத்திருந்தவள், டிவியில் பார்த்த அதே சட்டையை நேரில் பார்த்ததும் குழைந்துபோய், “உள்ள வாங்க மாப்பிள்ளை” என்றாள்.

மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. எதுவும் பேசாதீர்கள், முதலில் உங்கள் மனைவி பேசட்டும் என்றது காது. இவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது. காது அடுத்ததைச் சொன்னது. அது சரியாகக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்தார்.

அவள் துண்டைக் கீழே வைத்தாள்.

“காதுல யாரு?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டு அண்ணன் திருதிருவென்று விழித்தார். அவள் எழுந்து வந்து கருவியைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, செய்தி வாசிப்பவள்போல அறிவித்தாள்.

“குரல் கம்முற மாதிரி தண்ணி கேக்கணுமாம்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. ஆனா இவரு சொந்தமா என்னத்தையாவது சொல்லட்டும்னு பாக்குறேன்” என்றாள் மனைவி. மறுமுனையில் இயக்குநரம்மா, இத்தனை வருடமாகத் தானும் அதைத்தான் பார்ப்பதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அண்ணன் வெறுங்காதோடு நின்றார். வாயைத் திறந்தால் ‘உங்க’ என்றுதான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடியும் முயன்றார்.

“நீ சொன்னதிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. பயமா இருக்கு. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான்... எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியுமே.”

அதற்குமேல் முடியவில்லை. தொண்டை நிஜமாகவே அடைத்தது. டிவியில் பார்க்கச் சகிக்காத அழுகை அது. மூக்கு ஒழுக, முகம் கோண அழுதார். தலை மட்டும் நேராக இருந்தது. அக்கா பழக்கதோஷத்தில் தானும் மூக்கை உறிஞ்சினாள்.

மனைவிக்கும் கண் நிறைந்துவிட்டது.

“சரி, ஒரு சின்ன இடைவேளை. தண்ணி எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

இடைவேளை என்றால் இருந்த இடத்தை விட்டு அசையாமல், யாராவது முகத்துக்குப் பவுடர் போடட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் அண்ணனின் வழக்கம். அன்று அவள் பின்னாலேயே போனார், ஆபரேஷன் என்றைக்கு, டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே.