பிரேக்கை மிதிக்கும் விரல்

போன வாரம் பிரேக்கை மிதிக்க ஓட்டுநர் ஒரு கணம் தயங்கிவிட்டார். வலது கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் குத்திக்கொண்டிருந்தது. சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் கைப்பைக்கு ஒரு சாண் தள்ளி பேருந்து நின்றது. காலைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று பணிமனை மேலாளர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் பாத சிகிச்சை நிலையத்தின் இந்தச் சாய்வு நாற்காலி. துணைக்கு வந்த மனைவியின் தம்பி கதவருகிலேயே நின்றான், ஓடுவதற்கு வசதியாக.

"நகம் வெட்ட இவ்ளோ பெரிய விளக்கா? எனக்கென்னமோ சரியாப் படல மாமா."

ஓட்டுநருக்கும்தான் படவில்லை.

சிகிச்சையாளர் அம்மா விரலைப் பிடித்துப் பார்த்தார். நகத்தின் நடுவில் முக்கோணமாக ஒரு வெட்டு.

"இது யாரு வேலை?"

"நடுவுல வெட்டினா ஓரம் வெளிய வந்துரும்னு இவன்தான் சொன்னான்."

மைத்துனன் சுவரில் தொங்கிய எலும்புப் படத்தை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினான்.

"அப்படியெல்லாம் வராதுங்க. ஓரத்தை வளைச்சு வெட்டினது?"

"அது... நான்."

"அங்கதான் உள்ள ஒரு துண்டு மாட்டியிருக்கு."

விரல் மரத்துப்போக ஊசி போட்டார். சற்று நேரத்தில் இடுக்கியில் மீன்முள் போல ஏதோ வந்தது. பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார்.

"இவ்ளோ நீளமா? கையிலயே ஒளிச்சு வச்சிருந்திருப்பாங்க மாமா."

"கையுறைக்குள்ள எடமில்ல தம்பி," என்றார் அந்த அம்மா, நிமிராமலே. "இப்ப வலிக்குதாங்க?"

"இல்ல. ஊசி போட்டிருக்கீங்களே, எப்படி வலிக்கும்?"

"அப்போ இப்பவே நம்பாதீங்க. மரப்பு விட்டப்புறம் பாருங்க. இனிமே நேரா வெட்டுங்க, ஓரத்தைத் தோண்டாதீங்க."

மாலையில் ஓட்டுநர் கட்டுப்போட்ட விரலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கடன்காரனை எதிர்பார்ப்பவர் போல. உணர்வு மெல்லத் திரும்பியது. காந்தல் இருந்தது. அந்தக் குத்தல் மட்டும் வரவில்லை. பதுங்கியிருக்கிறதோ?

காயம் ஆறியதும் மேலாளர் சாவியைக் கொடுத்தார். முதல் நிறுத்தத்தில் பிரேக்கை மிதித்தார், வலி இல்லை. நிறுத்தமே இல்லாத ஓர் இடத்தில், பின்னால் வண்டி வராததைப் பார்த்துக்கொண்டு, மறுபடி மிதித்தார். அங்கும் இல்லை. மூடிக் கிடந்த ஒரு பூட்டுக்கடை முன்னால் இன்னொரு முறை.

நடத்துனர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணே, ஏற ஆளில்ல, இறங்க ஆளில்ல. யாருக்காக நிறுத்துறீங்க?"

"எனக்குத்தான்," என்றார் ஓட்டுநர்.